தனித்தனியா வருது, சேர்த்தா மட்டும் வரமாட்டேங்குது: பியானோ கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள் வேற வேற ஆளுங்க எழுதினதுதான், ஆனா எல்லாமே சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து நிக்குது. ஒவ்வொரு கையா பழகுறது எப்படி, எப்போ சேர்க்கணும், வீட்டுல இருக்கிற டிஜிட்டல் பியானோவை வச்சு அதுக்கு என்னென்ன பண்ணலாம். அதனால இந்த இதழை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: டீச்சர், டிஜிட்டல் பியானோ வாங்கி எட்டு மாசம் ஆச்சு, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுட்டு பழகுறேன். இப்போ ஜி மேஜர் மினுவெட் (மூணு அடி தாளத்துல வர்ற பழைய நடனப் பாட்டு) எடுத்திருக்கேன். வலது கை மட்டும்னா கண்ணை மூடிட்டு வாசிப்பேன், இடது கையும் அப்படித்தான். ரெண்டையும் சேர்த்தா முதல் ஆறு பார் (எழுதின இசையில கோடு போட்டுப் பிரிச்ச கட்டம்) ஓரளவு ஓடிடுது, ஏழாவது பார் வந்ததும் அப்படியே நின்னுடுது. இன்னும் கொஞ்ச நாள் தனித்தனியாவே வாசிச்சா சரியாயிடுமா?

பதில்: ஆகாதுங்க. இன்னும் ஒரு மாசம் தனித்தனியா வாசிச்சாலும் அதே ஏழாவது பார்லதான் நிப்பீங்க. உங்க கைல குறை ஒண்ணும் இல்ல, நீங்க இன்னும் பழகவே ஆரம்பிக்காத ஒரு விஷயம் அந்த பார்ல இருக்கு, அவ்வளவுதான்.

வலது கைக்கு அதோட வரி தெரியும், இடது கைக்கு அதோட வரி தெரியும். ஆனா வலது கையோட எந்த நோட் மேல இடது கையோட எந்த நோட் விழுதுங்கிறது ரெண்டு கைக்குமே தெரியாது, தனியா வாசிக்கும்போது அது தெரியவரவும் வழியில்ல. அது மூணாவதா ஒரு பாடம். நிறைய பேர் வலது பாதி இடது பாதி சேர்த்தா முழுசு ஆயிடும்னு கணக்கு போடுறாங்க, அந்தக் கணக்கு பியானோவுல ஒத்துவராது.

உங்க மினுவெட்டையே எடுத்துக்கலாம். (ரொம்ப நாளா ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதினதுன்னு சொல்லிட்டிருந்தாங்க, 1725ல பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக ஆரம்பிச்ச நோட்டுப் புத்தகத்துல இருக்கிறதால அப்படி ஆயிடுச்சு, எழுதினவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட்.) இதுல ரெண்டாவது பார்ல இருந்து ஆறாவது பார் வரைக்கும் இடது கைக்கு என்ன வேலைன்னு பாருங்க, ஒரு பாருக்கு ஒரே ஒரு நீண்ட நோட், அழுத்திட்டு மூணு அடியும் அப்படியே பிடிச்சுட்டு இருக்கணும். அதாவது அந்த அஞ்சு பார்லயும் ரெண்டு கையும் சந்திக்கிறது முதல் அடியில மட்டும்தான். நீங்க சேர்த்து வாசிக்கிறதா நினைச்ச இடத்துல பெருசா சேர்க்க வேண்டியதே இல்ல. ஏழாவது பார் வந்ததும் இடது கை முதல் தடவையா அடிக்கு ஒரு நோட்டா நடக்க ஆரம்பிக்குது, டி, பி, ஜி. அதே நேரம் வலது கையில எஃப் ஷார்ப், அப்புறம் ஜி ஏ, அப்புறம் பி ஜி. இதை அடி அடியா அடுக்கிப் பாருங்க. முதல் அடியில வலது எஃப் ஷார்ப், இடது டி. ரெண்டாவது அடியில வலது ஜி, இடது பி. மூணாவது அடியில அப்படியே தலைகீழா வலது பி, இடது ஜி! ரெண்டு கையும் இடம் மாத்திக்குது. இது உங்க மூளைக்கு முதல் தடவை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, நிக்காம என்ன பண்ணும்.

அதனால இன்னைக்கு ராத்திரி பாட்டை முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. ஏழாவது பாரை மட்டும் திறந்து வச்சுட்டு, ரெண்டு கையும் சந்திக்கிற அந்த மூணு ஜோடியை மட்டும் வாசிங்க, நடுவுல வர்ற நோட்டெல்லாம் வேண்டாம். எஃப் ஷார்ப்பும் டியும், ஜியும் பியும், பியும் ஜியும். மூணு ஜோடி, அவ்வளவுதான், மெதுவா, ஒவ்வொண்ணையும் அழுத்தி காதால கேட்டு, அடுத்த ஜோடி எதுன்னு விரலுக்குத் தெரிஞ்ச பிறகுதான் நகரணும், அவசரமே வேண்டாம். அது சுலபமா வந்ததும் விட்ட ரெண்டு நோட்டை, நடுவுல ஒரு ஏ, கடைசியில ஒரு ஜி, உள்ள சொருகுங்க. பெரும்பாலும் கால் மணி நேரத்துல விழுந்துடும்.

எட்டாவது பார்ல இன்னொண்ணு இருக்கு. இது வரைக்கும் வலது ஓட இடது நின்னுச்சு, இங்க வலது நிக்குது, இடதுதான் டியில இருந்து ஒரு ஆக்டேவ் கீழ, அதாவது கீழ இருக்கிற அடுத்த டிக்கு குதிச்சு, திரும்ப மேல வந்து சி பி ஏன்னு இறங்கி ஓடுது. வலது கை சும்மா இருக்கும்போது இடது ஓடுறது பழகாத கைக்கு பதட்டமாத்தான் இருக்கும், வலது கையும் கூடவே எதையாவது அழுத்தப் பார்க்கும். அதனால முதல்ல எட்டு மட்டும், அப்புறம் ஏழு எட்டு, அப்புறம் ஆறு ஏழு எட்டுன்னு பின்னாடி இருந்து முன்னாடி வாங்க. இப்படிப் போனா வாசிக்க வாசிக்க தெரிஞ்ச இடத்தை நோக்கிப் போயிட்டே இருப்பீங்க. முன்னாடி இருந்து வந்தா முதல் பார் நூறு தடவை ஆகியிருக்கும், எட்டாவது பார் பத்து தடவை கூட ஆகியிருக்காது.

வேகம் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். தனிக் கையில மெட்ரோனோம் (அடியைத் தட்டிக் காட்டுற கருவி) 100ல, அதாவது நிமிஷத்துக்கு 100 அடியில வாசிக்கிறீங்கன்னா சேர்க்கும்போது 50ல ஆரம்பிங்க, அதுவும் முடியலன்னா 40. தனியா வந்த வேகம் சேரும்போதும் வரணும்னு எதிர்பார்க்கிறதுதான் நிறைய பேரை நடுவுலயே விட வச்சிடுது.

நானும் படிக்கிற காலத்துல ஒரு முழு சொனாட்டா பகுதியை மூணு வாரம் வலது கைலயே வாசிச்சேன், அப்புறம் மூணு வாரம் இடது, ரொம்ப பெருமையா இருந்துச்சு. சேர்க்க உக்காந்தப்போதான் தெரிஞ்சுது, ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு நெருங்கி வர்ற இடத்துல என் வலது கட்டைவிரலும் இடது கட்டைவிரலும் ஒரே கீ மேல உக்கார வேண்டியிருக்கு. ஃபிங்கரிங்கை, அதாவது எந்த நோட்டுக்கு எந்த விரல்ங்கிறதை, மாத்தினாத்தான் முடியும், ஆனா மூணு வாரம் ஊறின விரலை மாத்துறது லேசுல நடக்கல. அதுல இருந்து என் மாணவர்கள் எல்லாருக்கும் நான் சொல்றது, எந்தப் பாட்டா இருந்தாலும் முதல் நாளே நாலு பாராவது ரெண்டு கையும் சேர்த்து ஆமை வேகத்துல ஒரு தடவை போயிடுங்க. தப்பு வந்தா வரட்டும். எங்க எங்க கை மோதுது, எங்க சந்திக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அது. தெரிஞ்ச பிறகு விரல் நம்பரை பென்சில்ல எழுதி வச்சுட்டு, அப்புறம் தனித்தனியா பிரிச்சு பழகுங்க.

கேள்வி: என் பியானோவுல லெஃப்ட் ரைட்னு ரெண்டு ட்ராக்கா ரெக்கார்ட் பண்ற வசதி இருக்கு. இடது கையை ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டு, அது மேல வலது கையை வாசிச்சா ரெண்டு கையும் சேர்ந்த மாதிரி ஆகுமா?

பதில்: காதுக்கு ஆகும், கைக்கு ஆகாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா அந்த பட்டன் அருமையான ஒண்ணு, புரியலன்னா மாசக்கணக்குல ஏமாத்திடும்.

முதல்ல நல்லதைச் சொல்றேன். நீங்க அந்த ட்ராக்ல ரெக்கார்ட் பண்ணும்போது அங்க பதிவாகுறது சத்தம் இல்ல. எந்த கீயை, எப்போ, எவ்வளவு வேகமா அழுத்தினீங்க, எப்போ விட்டீங்கன்னு ஒரு குறிப்பு, அதுதான் மிடி, 1983ல இருந்து எல்லா கம்பெனி கருவிகளும் பேசிக்கிற பொது மொழி. சத்தமா இல்லாம குறிப்பா இருக்கிறதால டெம்போவை (வேகத்தை) குறைச்சாலும் சுருதி இறங்காது, 80ல பதிவு பண்ணினதை 45ல ஓட விடலாம். இதே ஆடியோ ரெக்கார்டிங்கா இருந்தா இது இவ்வளவு சுத்தமா வராது, சில பியானோவுல ரெண்டும் தனித்தனி மெனுவுல இருக்கும், பார்த்துக்கோங்க. பதிவு பண்ணும்போது மெட்ரோனோமை ஓட விட்டே பண்ணுங்க, ஒரு பார் எண்ணிக்கை விட்டு ஆரம்பிங்க, இல்லன்னா திரும்ப ஓட விடும்போது எங்க நுழையணும்னே தெரியாது.

நான் என்ன பண்ணச் சொல்வேன்னா, எல்லாரும் பண்றதுக்கு எதிர்ப்பக்கமா, வலது கையைப் பதிவு பண்ணிட்டு இடது கையை அது கூட வாசிங்க. மெலடியைக் கேட்டுக்கிட்டே இடது கை வாசிக்கும்போதுதான் இந்த கார்டு (ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற நோட்டுங்க) எதுக்கு இங்க வருது, இந்த பேஸ் நோட் (அடியில இருக்கிற கனமான நோட்) மெலடியோட எந்த இடத்தைத் தாங்குதுன்னு காது புரிஞ்சுக்கும். இடது கையைத் தனியா வாசிச்சா அது வெறும் டொக்கு டொக்குன்னு அர்த்தமில்லாம கேக்கும், அதனாலதான் யாருக்கும் அதைப் பழகப் பிடிக்கிறதில்ல.

இப்போ ஏமாத்துற பக்கம். பதிவான கை உங்களைக் கேக்காது. நீங்க ஒரு நோட்டுல கொஞ்சம் தயங்கினா அது தயங்காது, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், நீங்க ஓடிப் பிடிச்சுப்பீங்க. நிஜமா சேர்த்து வாசிக்கும்போது தயங்குறதும் உங்க மூளைதான், போயிட்டே இருக்கிறதும் உங்க மூளைதான், அந்தப் பிரிச்சுக் கொடுக்கிற வேலையை ட்ராக் உங்களுக்காக செஞ்சு கொடுத்துடுது. அதனால ஒரு நாளைக்கு அஞ்சாறு நிமிஷம் இதுக்கு, முடிஞ்சதும் உடனே அதே நாலு பாரை ட்ராக் இல்லாம நிஜக் கைகளால. இடைவெளி விடாதீங்க, காதுல அந்த ஒலி இருக்கும்போதே பண்ணிடணும்.

இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்பிளிட்னு ஒரு வசதி நிறைய மாடல்ல உண்டு, கீபோர்டை ரெண்டாப் பிரிச்சு இடது பக்கம் ஒரு டோன் (பியானோ, ஆர்கன் மாதிரி ஒரு வாத்தியச் சத்தம்), வலது பக்கம் ஒரு டோன் வைக்கலாம், ரெண்டுக்கும் நடுவுல வால்யூம் பேலன்ஸும் இருக்கும். பேலன்ஸை முழுசா வலது பக்கம் தள்ளிட்டா இடது பக்கம் கீ அசையும், சத்தம் வராது. இப்போ ரெண்டு கையையும் சேர்த்து வாசிங்க. கை ரெண்டும் வேலை செய்யுது, காது ஒண்ணை மட்டும் கேக்குது. தனிக் கையில இருந்து சேர்ந்த கைக்குப் போறதுக்கு நடுவுல ஒரு படிக்கட்டு மாதிரி இது. அப்புறம் பேலன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்குக் கொண்டு வாங்க, இடது கை தூரத்துல இருந்து நடந்து வர்ற மாதிரி கேக்க ஆரம்பிக்கும். பிரியுற இடத்தை எந்த கீல வைக்கணும்னு மட்டும் பாட்டைப் பார்த்து நீங்களே மாத்திக்கணும், மினுவெட்ல இடது கை நடு சி பக்கத்துலயே உலாவும், மெஷின்ல இருக்கிறபடி விட்டுட்டா அது வலது பக்கத்துல போய் மாட்டிக்கும். ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு தாண்டிப் போற பாட்டுக்கு இது சரிப்படாது.

கேள்வி: எந்தப் பாட்டா இருந்தாலும் தனித்தனிக் கைதான் முதல் படின்னு படிச்சேன். ஆனா ஃபூர் எலீஸ் அப்படிப் பழகும்போது ரெண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையா இருக்கு, எதுவுமே பாட்டு மாதிரி கேக்கல. நான் எதாவது தப்பா பண்றேனா?

பதில்: நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க, அந்த விதிதான் இங்க தப்பு.

பீத்தோவன் 1810ல எழுதினது அது, அவர் இறந்து நாற்பது வருஷம் கழிச்சு 1867லதான் அச்சுல வந்துச்சு. ஆரம்பத்துல இ, டி ஷார்ப்னு வலது கை தனியா ஊசலாடி முடிஞ்சதும் என்ன நடக்குதுன்னு பாருங்க. வலது கை ஏவுல இறங்குற அதே நேரம் இடது கை ஏ, இ, ஏன்னு கீழ இருந்து ஏற ஆரம்பிக்குது, மூணு நோட் ஏறினதும் வலது கை சி, இ, ஏன்னு அந்த ஏணியை வாங்கிட்டு மேல போய் பில நிக்குது. அடுத்ததும் அப்படித்தான், இடது இ, இ, ஜி ஷார்ப், வலது இ, ஜி ஷார்ப், பி, அப்புறம் சி. ஒரே அலை, ரெண்டு கையில பங்கு போட்டுருக்கு. இதைத் தனித்தனியாப் பிரிச்சா பாதி வார்த்தையை ஒருத்தரும் மீதி வார்த்தையை இன்னொருத்தரும் தனித்தனி ரூம்ல உக்காந்து படிக்கிற மாதிரி, ரெண்டு பேருக்குமே அர்த்தம் புரியாது.

இங்க பழக வேண்டியது அந்தக் கைமாத்துற இடம். இடது கையோட மூணாவது நோட், வலது கையோட முதல் நோட், இந்த ரெண்டுக்கும் நடுவுல சத்தம் துண்டாகாம, வலது கை வந்த உடனே திடீர்னு பெருசாகாம, ஒரே கை வாசிச்ச மாதிரி கேக்கணும். அந்த ரெண்டு நோட்டை மட்டும் இருபது தடவை வாசிங்க. வலது கை வர்றதுக்கு முன்னாடியே கீ மேல வந்து காத்திருக்கணும், கடைசி நேரத்துல பறந்து வந்தா கண்டிப்பா இடிக்கும்.

பாக்கோட சி மேஜர் பிரிலூடும் இதே வகை. ஒவ்வொரு பாதி பார்லயும் இடது கைக்கு ரெண்டு நோட், வலது கைக்கு மூணு நோட், எல்லாம் சேர்ந்து ஒரே கார்டு. அதைத் தனித்தனிக் கையாப் பழகுறதை விட அஞ்சு நோட்டையும் ஒரே நேரத்துல ஒரே கார்டா அழுத்திப் பழகுங்க, கை வடிவம் மாறுற இடம் தெளிவா தெரிஞ்சுடும், அப்புறம் பிரிச்சு வாசிக்கிறது பெரிய விஷயமே இல்ல.

நேர்மாறா, பாக்கோட ரெண்டு குரல் இன்வென்ஷன்கள் (ரெண்டு தனி வரி சேர்ந்து ஓடுற சின்னப் பாட்டுங்க) பதினஞ்சு இருக்கே, அதுல ஒவ்வொரு கையும் தனியா ஒரு முழுப் பாட்டு. முதல் இன்வென்ஷன்ல வலது கை ஒரு சின்ன வரியைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இடது கை அதையே ஒரு ஆக்டேவ் கீழ திருப்பிச் சொல்லுது. 1723ல அவர் தன் கையால சுத்தமா எழுதி வச்ச பிரதியோட முகப்புலயே ரெண்டு குரலைத் தெளிவா வாசிக்கக் கத்துக்கிறதுக்காகன்னுதான் எழுதியிருக்கார். இங்க தனித்தனிக் கையை எவ்வளவு ஆழமா பழகினாலும் தகும், இடது கையை ஒரு பாட்டுக்காரர் மாதிரி பாட வைங்க. நான் ஒரு படி மேல போய் ஒரு கையை வாசிச்சுக்கிட்டே இன்னொரு கையோட வரியை வாயால பாடச் சொல்வேன். ரொம்ப கஷ்டம், ஆனா அது வந்துடுச்சுன்னா அந்த இன்வென்ஷன் உங்களை விட்டு எங்கயும் போகாது.

பாட்டைத் திறந்ததும் முதல் கேள்வி, இங்க ரெண்டு கையும் ரெண்டு பேரா, இல்ல ஒரே ஆளா? ரெண்டு பேருன்னா பிரிங்க, ஒரே ஆளுன்னா பிரிக்காதீங்க. நிறைய பாட்டுல பக்கத்துக்குப் பக்கம் இது மாறும்.

கேள்வி: ஹெட்ஃபோன்ல வால்யூம் எவ்வளவு வைக்கிறது? தனியா பழகும்போது நல்லா இருக்கிற இடது கை சேர்த்து வாசிக்கும்போது மெலடியை அமுக்கிடுது.

பதில்: ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதுதான். வால்யூமை ரொம்பக் குறைச்சு வச்சா கேக்கறதுக்காக கையை ஓங்கி அடிப்பீங்க, ரொம்ப ஏத்தி வச்சா பயந்து பயந்து தொடுவீங்க, ரெண்டுமே விரலைக் கெடுக்கும். சாதாரணமா பேசுற அளவு அழுத்தினா சாதாரணமா பேசுற அளவு கேக்கணும், அந்த இடத்துல வச்சுட்டு தினமும் மாத்தாம இருங்க. டச் செட்டிங்கும் (அழுத்துறதுக்கு ஏத்த மாதிரி சத்தம் எவ்வளவு மாறணும்னு வைக்கிறது) நடுவுலயே இருக்கட்டும்.

தனிக் கையாப் பழகும்போது இடது கையைப் பெருசாத்தான் வாசிக்கிறோம், கேக்க வேற எதுவும் இல்லையே. அதே பலம் விரல்ல பதிஞ்சு போய் சேர்க்கும்போதும் வருது. அதனால நோட்டெல்லாம் பிடிபட்ட பிறகு, தனியா வாசிக்கும்போதே இடது கையை அது கடைசியில எவ்வளவு மெல்ல இருக்கணுமோ அவ்வளவு மெல்ல வாசிச்சுப் பழகுங்க. மொசார்ட் 1788ல எழுதின சி மேஜர் சொனாட்டா, கே 545 (மொசார்ட் படைப்புகளோட பட்டியல் எண்), அதுல இடது கை சி ஜி இ ஜின்னு அலை மாதிரி ஓடிட்டே இருக்கும், வலது கை மேல நிதானமா சி, இ, ஜின்னு பாடும். அந்த ஜி ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல்ல விழுறதால தானாவே தடிச்சுக் கேக்கும். பியானோவை கம்ப்யூட்டர்ல இணைச்சு மிடியாப் பதிவு பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு நோட்டுக்கும் 1ல இருந்து 127க்குள்ள ஒரு எண் இருக்கும், எவ்வளவு வேகமா அழுத்தினீங்கங்கிறது அது. சி 50, ஜி 78, இ 52, ஜி 80 அப்படின்னு இருந்தா கட்டைவிரல்தான் காரணம்னு கண்ணாலயே பார்த்துடலாம். காது பழகிப் போய் மறைக்கிறதை எண் மறைக்காது.

கூடவே ஒண்ணு, டோனை ஆர்கனுக்கு மாத்திட்டு தனிக் கையை வாசிச்சுப் பாருங்க. பியானோ சத்தம் தானாத் தேய்ஞ்சு போயிடும், ஆர்கன் விரலை எடுக்கிற வரைக்கும் அப்படியே நிக்கும். விரலைத் தாமதமா எடுத்தீங்கன்னா ரெண்டு நோட் ஒண்ணோட ஒண்ணு கலந்து கேக்கும், சீக்கிரம் எடுத்தீங்கன்னா ஓட்டை கேக்கும்.

கேள்வி: என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. முழுப் பாட்டையும் வலது கைல முடிச்சுட்டுத்தான் இடது கைன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. வலது கை முடியும்போதே அவளுக்குப் பாட்டு அலுத்துப் போயிடுது. நான் என்ன பண்ணலாம்மா?

பதில்: நீங்களும் பக்கத்துல உக்காருங்கம்மா. அவ வலது கை வரியை வாசிக்கட்டும், இடது கை வரியை நீங்க ஒரு விரல்லயாவது வாசிங்க, அடுத்த தடவை மாத்திக்கோங்க. உங்களுக்குப் பியானோ தெரியணும்னு இல்ல, மெதுவாப் போனா போதும். முதல் நாள்ல இருந்தே அவ முழுப் பாட்டைக் கேக்குறா, இன்னொரு கை என்ன செய்யுதுன்னு காதுக்குத் தெரிஞ்சுடுது, அதுவும் நீங்க அவளுக்காக நிப்பீங்க, மெஷின் நிக்காது. சில டிஜிட்டல் பியானோவுல டுவோ இல்ல ட்வின்னு ஒரு மோட் இருக்கும், கீபோர்டை ரெண்டாக்கி ரெண்டு பக்கமும் ஒரே சுருதியில வச்சுடும், ரெண்டு பேரும் இடிச்சுக்காம உக்காரலாம். சொல்லிக் கொடுக்கிறவங்ககிட்ட பக்குவமா, ரெண்டு ரெண்டு பாரா எடுத்து அன்னைக்கே சேர்த்துப் பார்க்கலாமான்னு கேட்டுப் பாருங்க. குழந்தைக்கு ரெண்டு பார் ரெண்டு கையோட வந்துடுச்சுன்னா அது அவளுக்கு முழுசா ஒரு பாட்டு.

கேள்வி: வலது கைல மூணு நோட், இடது கைல ரெண்டு நோட், ஒரே அடிக்குள்ள. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியோட முதல் அரபெஸ்க்ல இது வந்து மாட்டிக்கிட்டேன். தனித்தனியா ரெண்டும் சுலபம்.

பதில்: தனித்தனியா எத்தனை தடவை வாசிச்சாலும் இது சேராது, ஏன்னா சேர்ந்த தாளம் வேற ஒண்ணு. ஆறா எண்ணுங்க. தக தக தக, இதுல ஒவ்வொரு தகவோட தலையில வலது கை, அதாவது ஒண்ணு, மூணு, அஞ்சு. தகிட தகிட, இதுல ஒவ்வொரு தகிடவோட தலையில இடது கை, அதாவது ஒண்ணு, நாலு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா, சேர்ந்து, வலது, இடது, வலது. கொஞ்சம் நீளம், குட்டி, குட்டி, கொஞ்சம் நீளம். பியானோ வேண்டாம், தொடையில தட்டுங்க, வாயால ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறுன்னு சத்தமா சொல்லிக்கிட்டே. அது தானா உருள ஆரம்பிச்சதும் எண்ணுறதை நிறுத்திட்டு வலது கையை மட்டும் கேளுங்க, அப்புறம் தட்டுறதை நிறுத்தாமலே கவனத்தை இடது கைக்கு மாத்துங்க. கவனம் மாறும்போது கை தடுமாறாம இருந்தா கீபோர்டுக்குப் போகலாம். கடைசியில வேகத்துல இந்தக் கணக்கெல்லாம் மறஞ்சு ரெண்டு ஓட்டமும் தனித்தனியா மிதக்கணும், அந்தப் பாட்டோட அழகே அதுதான், ஆனா அங்க போறதுக்கு வழி இந்தக் கணக்குதான்.

கேள்வி: என் இடது கை எப்பவும் பின்தங்கியே இருக்கு. ஸ்கேல் (வரிசையா ஏறி இறங்குற நோட்டுங்க) கூட வலது கைல ஓடுது, சேர்த்தா இடது கை தடுக்குது. வயசு 52, இனிமே சரியாகுமா?

பதில்: ஆகும். ஸ்கேல்ல தடுக்குற இடத்தைச் சொல்றேன், பாருங்க. விரலுக்கு நம்பர் கட்டைவிரல் 1ல இருந்து சுண்டுவிரல் 5 வரைக்கும். சி மேஜர் ஏறும்போது வலது கை 1 2 3, அப்புறம் கட்டைவிரல் உள்ள போய் 1 2 3 4 5. இடது கை 5 4 3 2 1, அப்புறம் மூணாவது விரல் மேல தாண்டி 3 2 1. வலது கை எஃப்ல திரும்புது, இடது கை ஏவுல திரும்புது. ஒரு கை திரும்பும்போது இன்னொண்ணு நேராப் போகுது. தடுக்கிறது கை பலவீனத்தால இல்ல, ரெண்டு திருப்பமும் வேற வேற இடத்துல இருக்கிறதால. அந்த ரெண்டு இடத்தையும் தனியா எடுத்து, இ எஃப், ஜி ஏ, அப்படி ரெண்டு ரெண்டு நோட்டா ரெண்டு கையும் சேர்த்து வாசிங்க. இல்லன்னா ரெண்டு கட்டைவிரலையும் நடு சில வச்சு வலது மேலயும் இடது கீழயும் எதிரெதிரா போங்க, அப்போ திருப்பம் ஒரே நேரத்துல வரும், கை நிம்மதியாகும்.

அப்புறம் பழகுற நேரத்தோட ஆரம்பத்தை இடது கைக்குக் கொடுங்க. எல்லாரும் வலது கைல ஆரம்பிச்சு களைச்ச பிறகு இடதுக்கு வர்றோம், அது எப்படி வளரும்? இடது கையால என்ன முடியும்னு தெரிஞ்சுக்கணும்னா, முதல் உலகப் போர்ல வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் இடது கைக்கு மட்டுமே எழுதின பியானோ கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கிறது) கேளுங்க, 1932ல வியன்னாவுல முதல்ல அரங்கேறினது. கண்ணை மூடிட்டுக் கேட்டா ஒரு கைன்னு நம்ப முடியாது. கட்டைவிரல் மேல மெலடியைப் பாடுது, மத்த நாலு விரல் கீழ எல்லா வேலையும் பார்க்குது. அதே கட்டைவிரல் உங்க கைலயும் இருக்கு.

கேள்வி: தனிக் கையா பழகும்போது பெடல் (சத்தத்தை நீட்டிக்க கால்ல அழுத்துறது) போடலாமா?

பதில்: வலது கை தனியா இருக்கும்போது வேண்டாம், பெடல் உங்க விரலோட ஓட்டையை எல்லாம் மூடிடும். இடது கை நோட் பிடிபட்ட பிறகு, அது கூட மட்டும் போடுங்க, ஏன்னா பெடல் மாறுறது பெரும்பாலும் பேஸ் மாறும்போதுதான், அந்தக் காலுக்கு ஜோடி இடது கை. புது பேஸ் நோட் அழுந்துற அதே நேரம் கால் மேல வரணும், நோட் கேட்ட உடனே திரும்ப கீழ போகணும். கையும் காலும் ஒண்ணா இறங்கினா பழைய கார்டு புதுசோட கலந்து குழம்பும். முதல்ல ரெண்டே கார்டு எடுத்துக்கோங்க, மாத்தி மாத்தி, கை இறங்க கால் ஏற, ஹெட்ஃபோன்ல பழைய கார்டோட வால் புதுசுக்குள்ள கேக்காத வரைக்கும்.